கோட்டைச் சுற்று நடையிலிருந்து அன்னபூர்ணா வரை: வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர், திருப்பத்தூர் பக்கம் தினமும் காலையில் நடக்கிறவர்களும், முதுகில் பை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு மலைப் பாதைகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. மாவட்டம் 1989-இல் பிரிந்தது, 2019-இல் மறுபடி பிரிந்தது. நான் பழைய வட ஆற்காடு முழுவதையும் நம் வட்டாரம் என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன், அதனால் திருவண்ணாமலையும் இதில் வரும். வாசலில் இறங்கி தினமும் நடக்கிறவருக்கு வெளிநாட்டு நடைப்பயணத்தில் முக்கால் பங்கு ஏற்கெனவே கைவந்துவிட்டது என்பது என் உறுதியான நம்பிக்கை. பதில்கள் எல்லாம் அதை ஒட்டித்தான் இருக்கும்.

தெருவில் நடப்பதற்கும் இமயமலையில் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. நேபாளத்திலோ இலங்கை மலையகத்திலோ ஒரு நாள் என்றால் ஐந்தாறு மணி நேர நடை. மெதுவான நடைதான், யாரும் ஓடச் சொல்வதில்லை. கஷ்டம் மறுநாள் காலையில்தான் தெரியும். முந்தின நாள் நடந்த அதே காலில் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதற்கு அடுத்த நாளும் அப்படியே. எப்போதாவது ஒரு நாள் ஆவேசமாக உழைத்துப் பழகிய உடம்பு இதற்குத் திணறும். பால் வாங்க, காய் வாங்க, கோயிலுக்கு என்று தினமும் நடந்தே போய் வருகிறவர் அலுங்காமல் ஐந்தாம் நாளும் நடப்பார். உள்ளங்கால் தோல், கணுக்கால், மூச்சு மூன்றும் அடுத்தடுத்த நாள் நடப்பதால்தான் பழகும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

வேலூரில் நிம்மதியாக நடக்க எங்கே போவது?

கோட்டைதான் என் முதல் பதில். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரக் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை, 133 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. விடியற்காலையில் உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கமும், வெளியே அகழிக் கரையை ஒட்டியும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். துணையில்லாமல் வருகிறவருக்கு அது பெரிய தைரியம். 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இதே மதில்களுக்குள்தான். கல்வெட்டுகளையும் நினைவுத் தூணையும் ஒரு நாளாவது நின்று படித்துவிட்டு நடங்கள்.

பாகாயம் பக்கம் இருப்பவர்களுக்கு ஓட்டேரி ஏரிப் பக்கம் நன்றாக இருக்கும். காட்பாடிக்காரர்களுக்கு காந்தி நகர் உள்தெருக்கள் போதும், மரநிழலும் உண்டு. ஆற்காடு சாலை, அண்ணா சாலை ஓரம் மட்டும் வேண்டாம். நடைமேடை பாதி இடத்தில் இல்லை, மீதி இடத்தில் வண்டி நிற்கிறது, புகை வேறு. இவ்வளவு பேர் நடக்கிற ஊரில் நடக்க இடம் விடாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாநகராட்சி வார்டு கூட்டங்களில் சாலை விளக்கு கேட்பதைப் போல நடைமேடையையும் நாம் கேட்க வேண்டும்.

வேலூர் வெயிலில் எப்படி நடக்கிறது?

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். கத்திரி நாட்களில் காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கி ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். மாலை நடை என்றால் ஏழுக்கு மேல், ஏனென்றால் தார்ச்சாலையும் பாறை மலைகளும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்த பின் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது கேழ்வரகுக் கூழ். வியர்வையோடு உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது சரியல்ல.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஏசி அறையிலேயே இருந்துவிட்டு முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்காதீர்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காருங்கள். கூட வந்தவர் பேச்சு குழறினால், தடுமாறினால், உடம்பு கொதித்தால் அது அவசரம். ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தெருநாய்க்குப் பயந்தே நடையை விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?

பயம் நியாயமானது. ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், நின்று மெதுவாகப் பின்வாங்குங்கள். கையில் ஒரு தடி இருந்தால் நல்லது, அடிக்க வேண்டியதில்லை, நமக்கும் நாய்க்கும் நடுவில் நீட்டினாலே போதும். கடித்துவிட்டாலோ பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். தவணை தவறாமல் முடிக்க வேண்டும், ஏனென்றால் ரேபிஸ் வந்த பிறகு மருந்தே கிடையாது என்று சொல்லிவிடலாம். நேபாள மலைக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அங்கே கடித்தால் ஊசி கிடைக்கும் ஊருக்கு இறங்கவே ஒரு நாள் ஆகலாம்.

தினமும் 10,000 அடி நடந்தே ஆகணுமா?

கட்டாயமில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் அது மிதமான உழைப்பு. தினம் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தானாக முடிந்துவிடும்.

மலை ஏறிப் பழக எங்கே போகலாம்?

நம் வட்டாரத்துக்கு வாய்த்த வரம் இது. பாறை மலையும் படியும் இல்லாத திசையே இல்லை. ஆரம்பிக்க ரத்தினகிரி முருகன் கோயில் படிகள் நல்லது. அடுத்தது வள்ளிமலை. ஏறுகிற களைப்பு தெரியாமல் இருக்கச் சமணக் குகைகளும் சிற்பங்களும் இருக்கின்றன. அப்புறம் சோளிங்கர். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படிகள். இப்போது ரோப் கார் வந்துவிட்டது, முழங்கால் முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. பயிற்சிக்குப் போகிறவர்கள் படியிலேயே போங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். நேபாளத்தில் கோரேபானி போகிற வழியில் உல்லேரி கிராமத்துக்கு ஏறும் கல்படிகள் 3,000-க்கு மேல். சோளிங்கரை ஒரே காலையில் இரண்டு தடவை நிதானமாக ஏறி இறங்குகிறவர் உல்லேரியைக் கண்டு மிரள வேண்டாம்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு, போளூருக்கும் செங்கத்துக்கும் நடுவே நிற்கும் பர்வதமலை. மேல் பகுதியில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டியிருக்கும். மழை நாளில் வேண்டாம், உயரம் என்றால் பயப்படுகிறவர்களுக்கும் வேண்டாம்.

எல்லாரும் ஏறுவதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். முழங்காலைக் கெடுப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, பழகாத தசை மறுநாள் கல்லாகிவிடும். படியில் தடதடவென்று குதித்து இறங்காமல் முழங்காலை லேசாக மடக்கி மெல்ல இறங்கிப் பழகுங்கள். நடைக்கோல் இரண்டு வைத்துக்கொண்டால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும்.

திருவண்ணாமலை கிரிவலம் போனால் பயிற்சி ஆகுமா?

ஆகும், அருமையான பயிற்சி. 14 கிலோமீட்டர், சமதளம், மூன்றரை முதல் ஐந்து மணி நேரம். ஒரு நாள் முழுக்கக் காலில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் குறைவு. பௌர்ணமி கூட்டத்தில் வேகம் நம் கையில் இருக்காது. பயிற்சிக்கென்று போனால் மற்ற நாளில், விடிவதற்கு முன் கிளம்புங்கள்.

வெறுங்காலில் சுற்றுவது பக்தி, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தயவுசெய்து வெறுங்காலில் போக வேண்டாம். சூடான சாலை சுடுவதே அவர்களுக்குத் தெரியாது. இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. 1940-களின் கடைசியிலிருந்து சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களை ஆராய்ந்து, விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பதுதான் என்று காட்டினார். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் உள்ள ஷீஃபலின் தொழுநோய் மையமும் இந்த வேலையில் சேர்ந்தது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இந்த வட்டாரப் பணியோடு வளர்ந்ததுதான். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காப்பதும் அதே செருப்புதான். அதைப் போட்டுக்கொண்டு சுற்றினால் அண்ணாமலையார் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஏலகிரி, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் நாங்களாகவே போகலாமா?

ஏலகிரியில் ஊர், ஏரி, சாலை இருக்கிற பகுதியில் தாராளமாக நடக்கலாம். 14 கொண்டை ஊசி வளைவுகளும் சாலைதான், அதிகாலையில் வண்டி குறைவு. காப்புக்காடு என்று பலகை இருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர்போனது, வனத்துறை கண்டிப்பாக இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறையே திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். ஏலகிரி சுவாமிமலைப் பாதை அதில் உண்டு. காட்டுத்தீக் காலமான கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள், தேதி பார்த்துப் பதியுங்கள்.

முதல் வெளிநாட்டு நடைப்பயணத்துக்கு எந்த நாடு?

நம் ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இலங்கை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் ‘பெக்கோ டிரெய்ல்’ 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் போட்ட பாதைகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். முழுவதும் நடக்க வேண்டியதில்லை, அப்புத்தளை, எல்ல பக்கம் மூன்று நான்கு பகுதிகளை மட்டும் நடந்துவிட்டு வரலாம். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய முன்னோர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், கண்டி மலைக்கு நடந்தே போனவர்கள். வழி கேட்டால் தமிழில் பதில் வரும், லயன் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் டீ கிடைக்கும். பேசாமல் கடந்து போகாதீர்கள். அவர்கள் கதையைக் கேட்பதற்காகவே அந்தப் பாதை நடக்கத் தகுந்தது. அட்டை கடிக்கும், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் போதும். 2,243 மீட்டர் சிவனொளிபாத மலை ஏற நினைத்தால் டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை பருவம். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறினால் 5,000 படிகளுக்கு மேல். இரவில் ஏறி விடியலில் உச்சியில் நிற்பார்கள், நம் ஊர் மலைக்கோயில் கூட்டம் போலவே இருக்கும்.

இரண்டாவது நேபாளம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். முதல் தடவைக்குக் கோரேபானி, பூன் ஹில் சுற்று சரியாக இருக்கும். நான்கைந்து நாள், அதிகபட்ச உயரம் 3,210 மீட்டர். அடுத்த தடவை 4,130 மீட்டரில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாம். அந்தப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். நம் 1 ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், அதுவே நிலையான மாற்று. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டியோடு போக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. செலவாகிறதே என்று பார்க்காதீர்கள், மலைக்கிராமத்து ஆளுக்கு வேலை, நமக்குப் பாதுகாப்பு.

நேரமும் பணமும் கூடி வந்தால் ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதை. பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைசி 100 கிலோமீட்டரைக் கால்நடையாக முடித்தாலே யாத்திரைச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்காகச் சாரியா என்ற ஊரிலிருந்து ஒரு வாரம் மட்டும் நடப்பவர்கள் ஏராளம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகவே தெரியாது. யார் எந்த நாடு என்று பார்க்காமல் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிடுவார்கள்.

ஏலகிரியில் நடந்து பழகினால் உயரம் ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளாது. வேலூர் 216 மீட்டர், ஏலகிரி 1,100 மீட்டர் அளவு. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் ஆரம்பிக்கும், அதற்கும் கால் பலத்துக்கும் தொடர்பில்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது, அதற்கு ஈடுகொடுக்க உடம்புக்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்குங்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், குழப்பமாகப் பேசினால், இரவானாலும் கீழே இறக்க வேண்டும். கூட வந்தவர்கள் கேலி செய்வார்களோ என்று தலைவலியை மறைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும், மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பை எவ்வளவு பெரியது? எத்தனை கிலோ?

தங்கும் விடுதி உள்ள பாதைகளுக்கு 40 லிட்டர் போதும். தண்ணீர் உட்பட எட்டு கிலோவுக்குள் முடியுங்கள். இடுப்புப் பட்டைதான் முக்கியம். பாரம் இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. கடையில் நாலைந்து கிலோ எடை போட்டு மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பின் ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துக் கோட்டையைச் சுற்றலாம். யாராவது பார்ப்பார்கள்தான், இரண்டு நாளில் அவர்களுக்கும் பழகிவிடும். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

ஷூ என்ன வாங்குவது?

பிராண்டைவிட அளவு முக்கியம். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் மாலையில் கடைக்குப் போங்கள், நடக்கும்போது போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் தோல் ஷூக்களில் பல, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பெண்கள் தைத்தவை. தோலைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? ஆம்பூரில் தொழிற்சாலை வேலை செய்கிற சொந்தக்காரர் இருந்தால் ஷூவைக் காட்டிக் கேளுங்கள், தையலையும் அடியையும் பார்த்தே எத்தனை நாள் வரும் என்று சொல்வார்.

புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் இங்கேயே போட்டு நடங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும், கம்பளி கலந்தது நல்லது. ஓரிடத்தில் சுருக்கென்று எரிந்தால் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அங்கேயே நின்று டேப் ஒட்டுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் சமாளிக்க முடியுமா?

நேபாளத்தில் கவலையே இல்லை. பருப்பு, சோறு, காய், ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். இலங்கை மலையகத்தில் நம் சாப்பாடேதான். ஸ்பெயினின் சின்ன ஊர்களில்தான் சிரமம். முட்டை சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு முட்டை அடையில் ஓட்டிவிடலாம், மற்றவர்கள் கடையில் பருப்பு, அரிசி வாங்கி யாத்திரிகர் விடுதிச் சமையலறையில் சமைக்க வேண்டியிருக்கும். சாலட்டில் டூனா மீன் போட்டுவிடுவார்கள், முன்பே சொல்லுங்கள்.

கையோடு கொண்டுபோக வேர்க்கடலை உருண்டை, சத்துமாவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். ஜவ்வாது மலைச் சாமை அரிசி எடை குறைவு, சீக்கிரம் வேகும். ஒரு எச்சரிக்கை, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போனால் உணவுப் பொருள் அத்தனையையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள், கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். மறைத்தால் அங்கேயே அபராதம்.

பெண்கள் தனியாகப் போகலாமா? வீட்டில் விட மாட்டார்கள்.

போகலாம், போகிறார்கள். பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம். ஆள் நடமாட்டம் உள்ள பூன் ஹில் சுற்று, சந்தியாகோ பாதை இரண்டும் தனியாக வரும் பெண்களுக்குப் பழகிய இடங்கள். நேபாளத்தில் பெண் வழிகாட்டிகள் கிடைக்கிறார்கள், கேட்டு அமர்த்திக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும்போது கனவைச் சொல்வதைவிடத் தாளைக் காட்டுவது வேலை செய்யும். எந்த நாள் எந்த ஊர், எந்த விடுதி, வழிகாட்டி எண், காப்பீட்டு எண், எந்த நேரத்துக்குப் போன் வரும் என்று எழுதி அம்மா கையில் கொடுங்கள். முதல் தடவை அக்காவையோ சித்தியையோ தோழியையோ கூட்டிக்கொண்டு இலங்கை போய் வந்துவிட்டால் அடுத்த தடவைக்குப் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

இங்கே காலை நடையிலேயே பெண்களுக்குப் பல தெருக்கள் நிம்மதியாக இல்லை என்பதும் உண்மை. விளக்குள்ள பாதை, நாலு பேர் குழு, எல்லாருக்கும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு அறுபத்திரண்டு. நாங்களெல்லாம் போகலாமா?

மருத்துவர் சரி என்றால் போகலாம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே போய், எத்தனை நாள், எவ்வளவு உயரம் என்று சொல்லிக் கேளுங்கள். நீண்ட நடையில் சர்க்கரை இறங்கும், மருந்தளவு மாறலாம், மிட்டாய் எப்போதும் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். இன்சுலினைக் குளிரில் உறைய விடக் கூடாது, இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவர் சீட்டு, இரண்டு மடங்கு மருந்து, எல்லாம் கைப்பையில். தினமும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

பாஸ்போர்ட், காப்பீடு, ஊசி?

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள். ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நேபாளத்துக்கு எடுக்கும் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருவார்களா என்ற இரண்டு வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளிமஞ்சாரோ ஆசையில் கென்யா, தான்சானியா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டியிருக்கும், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

அக்டோபரில் நேபாளம் போகணும், இப்போது ஜூன். எப்படித் தயாராவது?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மழைக்காலம் ஓய்ந்த அக்டோபர், நவம்பர்தான் அங்கே தெளிவான வானம். ஜூனில் தினமும் 40 நிமிடம் கோட்டையிலோ உங்கள் தெருவிலோ நடங்கள், வேறெதுவும் வேண்டாம். ஜூலையில் ஷூ வாங்கி அதிலேயே நடங்கள், ஞாயிறு தோறும் ரத்தினகிரி. ஆகஸ்டில் பையில் நாலைந்து கிலோ, ஞாயிறு வள்ளிமலை அல்லது சோளிங்கர். மாலையில் மழை வந்தால் வீட்டுக்குள் ஓடாமல் மழைச்சட்டையும் பை உறையும் தாங்குகின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். செப்டம்பரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து நடப்பதுதான் உண்மையான பரீட்சை. சனிக்கிழமை கிரிவலம், ஞாயிறு சோளிங்கரில் இரண்டு ஏற்றம், முழுப் பையோடு. திங்கட்கிழமை காலை வழக்கமான நடைக்கு எழுந்திருக்க முடிந்தால் தயாராகிவிட்டீர்கள், முடியாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் இதையே செய்யுங்கள்.

கிளம்பும் வாரத்தில் மலை வேண்டாம், சமதளத்தில் அரை மணி நேரம் போதும். கால் நகங்களை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். பையைக் கட்டி எடை போட்டுப் பார்த்து, எட்டு கிலோவைத் தாண்டினால் இரண்டாவது ஜீன்ஸை எடுத்து அலமாரியில் வையுங்கள்.